ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் வருகைப் பதிவு

அண்ணனூர் மின்சார ரயில் கார்ஷெட்டுக்குப் பின்பக்கம் இருக்கிற திருமலையம்மாள் உதவிபெறும் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுப் பிள்ளைகள் நாற்பத்தோரு பேரும் ஜூலை மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் காணாமல் போனார்கள். மணி அடித்ததும் திரும்பி வந்தார்கள். இடைப்பட்ட நேரம் முப்பத்திரண்டு நிமிஷம். அப்போது வகுப்பில் இருந்தவர் கணக்கு டீச்சர் கஸ்தூரி. போர்டில் ஒரு சமன்பாட்டை எழுதி முடித்துத் திரும்பியவருக்கு நாற்பத்தோரு லேப்டாப் மூடிகள் வரிசையாக நிமிர்ந்து நிற்பது தெரிந்தது. மூடிகளுக்கு மேலே வழக்கமாகத் தெரிகிற நெற்றிகளும் ரிப்பன்களும் தெரியவில்லை. குனிந்து ஏதோ விஷமம் பண்ணுகிறார்கள் என்று நினைத்து ஸ்கேலை எடுத்துக்கொண்டு போனார். பெஞ்சுகள் காலி. பைகள் இருந்தன, தண்ணீர் பாட்டில்கள் இருந்தன, விசைகளைத் தட்டுகிற சத்தம்கூட இருந்தது, பிள்ளைகள் இல்லை. கஸ்தூரி முதல் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மணி அடிக்கும்வரை அப்படியே நின்றார். அடித்ததும் எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். எங்கடா போனீங்க என்று கேட்டதற்கு, "இங்கதான மிஸ் இருந்தோம்" என்றார்கள், கேள்வியே புரியாதவர்களைப் போல.

அந்த லேப்டாப்புகள் ஜூன் மூன்றாம் வாரம் வந்தவை. ஆளுக்கு ஒன்று என்று ஒரு அறக்கட்டளை கொடுத்தது. அதற்கு முன்னால் வானகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. கோட்டு போட்ட ஒரு பையன், இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம், மேடையில் நின்று, இனிமேல் நீங்கள் பாடம் நடத்த வேண்டாம், பிள்ளைகள் தாங்களாகவே கற்றுக்கொள்வார்கள், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும் என்றான். இருபத்து மூன்று வருஷம் பாடம் நடத்திய கஸ்தூரிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டில் வடை பாயசம் எல்லாம் போட்டார்கள், வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டார். ஒவ்வொரு மூடியிலும் ஒரு எண் ஒட்டியிருந்தது. பிள்ளைகளின் அந்தரங்கத்தைப் பாதுகாக்க வேண்டுமாம், ஆகையால் பெயர் கிடையாது, எண்தான். மூடியைத் திறந்தால் டீச்சர் மேஜையிலிருக்கும் லேப்டாப்பில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி விழும். வருகைப் பதிவு முடிந்தது. இதில்தான் எல்லா ஆசிரியர்களும் விழுந்தார்கள். நாற்பது நிமிஷப் பீரியடில் எட்டு நிமிஷத்தைப் பேர் கூப்பிட்டே தொலைத்த ஜென்மங்கள் அவர்கள். பழைய வருகைப் பதிவேடுகளைத் தலைமை ஆசிரியர் ரகுநாதன் தன் அறை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. பதினெட்டு எழுந்து நில்லு, முப்பத்தாறு ஜன்னலைச் சாத்து, இவ்வளவுதான்.

காணாமல் போன சமாச்சாரத்தைக் கஸ்தூரி அன்றைக்கே ரகுநாதனிடம் சொன்னார். அவர் மறுநாள் வந்து பின்சுவரோரம் நின்று பார்த்தார். பத்தாவது நிமிஷம் பிள்ளைகள் இல்லாமல் போனார்கள். ரகுநாதன் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை நின்றார், எல்லாரும் வந்ததும் எண்ணினார், நாற்பத்தொன்று சரியாக இருந்தது. "மணி அடிச்சா வந்துர்றாங்கல்ல மேடம்? அப்புறம் என்ன?" என்றார். அறக்கட்டளையின் உதவி எண்ணுக்குக் கஸ்தூரி போன் செய்து விவரம் சொன்னபோது, அந்தப் பக்கம் இருந்த பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம் என்றாள். பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது எப்படியம்மா ஆஃப் பண்ணுவது என்று இவர் கேட்டார். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

பயம் பதினைந்து நாள் இருந்தது. அப்புறம் என்ன ஆயிற்று என்பதை மறைத்துப் பிரயோஜனமில்லை: பிடித்துப்போயிற்று. எந்த ஆசிரியரைக் கேட்டாலும் தெரியும், பாடம் நடத்துவது போக மிச்ச வேலை எவ்வளவு என்று. இணையதளத்தில் ரத்தவகை விவரம் ஏற்று, செருப்பு அளவு ஏற்று, வங்கிக் கணக்கை ஏற்று, ஏற்றியது ஏறவில்லை, மறுபடி ஏற்று. இப்போது அரை மணி நேரம் ஈ பறக்கிற சத்தம் கேட்கிற மாதிரி ஒரு வகுப்பு கிடைத்தது. கஸ்தூரி விடைத்தாள்களைத் திருத்தினார். அறிவியல் டீச்சர் சுரேகா தன் வகுப்பில் கீரை ஆய்ந்தார். தலைவலி மாத்திரை வாங்குவது நின்றுபோயிற்று. காலாண்டுத் தேர்வில் பிள்ளைகள் எடுத்த மார்க்கைப் பார்த்து ரகுநாதனுக்கே நம்பிக்கை வரவில்லை, அவ்வளவு மார்க். எங்கேயோ போய்ப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்று ஓய்வறையில் பேசிக்கொண்டார்கள். எங்கே என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

அக்டோபரில் கஸ்தூரி ஒன்றைக் கவனித்தார். மணி அடித்த மாத்திரத்தில் வந்துகொண்டிருந்தவர்கள் இப்போது கொஞ்சம் தாமதமாக வந்தார்கள். முதலில் மூன்று விநாடி, ஆயுத பூஜை விடுமுறைக்குப் பிறகு பத்து, தீபாவளிக்கு முன்னால் அரை நிமிஷம். வந்த பிள்ளைகளின் கையைத் தொட்டால் ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த பால் பாக்கெட் மாதிரி ஜில்லென்றிருந்தது. கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டார்கள், வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைப்பார்கள்.  ஆனாலும் கஸ்தூரி யாரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்தால் லேப்டாப்பை எடுத்துவிடுவார்கள், அப்புறம் பழைய இரைச்சல், பழைய தலைவலி. இந்தக் கணக்கை அவர் போட்டார் என்பது உண்மை, பின்னாளில் அவரே எல்லாரிடமும் சொல்லி அழுதிருக்கிறார்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை. காலையிலிருந்து மழை. பி.டி. மாஸ்டர் ஜேம்ஸ் ஓட்டப் பந்தயக்காரர்களை ஆவடிக்குக் கூட்டிப் போயிருந்தார், ரகுநாதன் பூந்தமல்லியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். கடைசிப் பீரியடில் கரண்ட் போயிற்று. நாலு பத்துக்கு ஆயா நாகம்மா மணியைக் கையால் அடித்தாள். ஒரு நிமிஷம் கழித்துப் பிள்ளைகள் வந்தார்கள், மூடிகளை டப் டப்பென்று சாத்திவிட்டு மழையில் ஓடினார்கள். கஸ்தூரி குடையைத் தேடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தபோது மூன்றாவது பெஞ்சில், ஜன்னலோரம், ஒரு மூடி மட்டும் திறந்திருந்தது.

எண் இருபத்தேழு. பெஞ்சில் பை இருந்தது, பாதி குடித்த தண்ணீர் பாட்டில் இருந்தது, கழற்றிப்போட்ட ஒரு ஷூ இருந்தது. திரையில் நேற்று நடத்திய சமன்பாடு, ஓரத்தில் பச்சைப் புள்ளி, அதற்கு மேலே பேட்டரி பதினொரு சதவீதம்.  மூடியைச் சாத்தினால் என்ன ஆகும் என்று தெரியாது, சாத்தாமல் விட்டு பேட்டரி தீர்ந்தாலும் என்ன ஆகும் என்று தெரியாது. சார்ஜரைச் சொருகினார், கரண்ட் இல்லாமல் அது என்ன செய்யும். நாகம்மாவை மறுபடி மணி அடிக்கச் சொன்னார். அவள் கை வலிக்க அடித்தாள். பலன் இல்லை.

"பேர் சொல்லிக் கூப்டு டீச்சரு. உள்ளார எங்கனா தூங்கிகினு கீதோ இன்னாவோ," என்றாள் நாகம்மா.

கஸ்தூரி வாயைத் திறந்தார். பேர் வரவில்லை. அந்தப் பெண்ணை அவருக்குத் தெரியும், நன்றாகத் தெரியும். ரெட்டைப் பின்னல், இடதுகைப் பழக்கம், கணக்கில் கழித்தலில் மட்டும் தப்பு பண்ணுவாள், சிரித்தால் பல்லை உள்ளங்கையால் மறைத்துக்கொள்வாள், எலுமிச்சை சாதம் கொண்டுவரும் நாளில் கொண்டுவந்த ஊறுகாயைப் பக்கத்து வரிசைக்கெல்லாம் கொடுப்பாள். பேர் மட்டும் தெரியவில்லை. ஜூன் மாதம் பத்து நாள் அந்தப் பேரைக் கூப்பிட்டிருக்கிறார், அதற்கு மேலே ஐந்து மாதம் இருபத்தேழு என்றே கூப்பிட்டு அது மண்ணோடு மண்ணாகப் போயிருந்தது. "இருபத்தேழு!" என்று கத்திப் பார்த்தார். லேப்டாப் டிங் என்று ஒரு ஒலி எழுப்பி, பச்சைப் புள்ளியை இன்னும் பிரகாசமாகக் காட்டிற்று. அதற்குத் தன்னைத்தான் கூப்பிட்டதாக நினைப்பு. பேட்டரி ஒன்பது.

ரகுநாதனுக்குப் போன் செய்தார், எடுக்கவில்லை. பதிவேடு இருந்த பீரோவை நாகம்மா ஒரு கடப்பாரையால் நெம்பிப் பார்த்தாள், அது அந்தக் காலத்து பீரோ, அசைந்து கொடுக்கவில்லை. பையைக் கவிழ்த்தார்கள், இந்த வருஷம் எல்லாம் லேப்டாப்பிலேயே எழுதியதால் பேர் எழுதிய ஒரு நோட்டுகூட இல்லை, விடைத்தாள்களிலும் எண்தான். மழைக்கு கேட்டோரம் ஒதுங்கியிருந்த ஜீவா என்கிற பெண்ணை நாகம்மா கையைப் பிடித்து இழுத்து வந்தாள். ஜீவா ஆறாம் வகுப்பிலிருந்து அதே பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவளும் முழித்தாள்.

"லட்டுன்னுதான் மிஸ் கூப்டுவோம். நெஜப் பேரு... மறந்து போச்சு மிஸ்," என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். சொந்தப் பேராவது ஞாபகம் இருக்கிறதா என்று கஸ்தூரி கேட்டதற்கு, ஒரு கணம் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

லட்டு என்று மூன்று பேரும் சேர்ந்து கூப்பிட்டார்கள். பெஞ்சுக்கு அடியிலிருந்தோ சுவருக்குள்ளிருந்தோ ஒரு சிரிப்பு கேட்டது. உள்ளங்கையால் மூடிக்கொண்ட சிரிப்பு. அவ்வளவுதான், அதுவும் தேய்ந்துபோயிற்று.  பேட்டரி ஏழு.

நாலு நாற்பதுக்கு அந்தப் பெண்ணின் அப்பா ஏகாம்பரம் வந்தார். ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டர், குவார்ட்டர்ஸ்காரர், ஷிப்ட் முடிந்து மகளை வண்டியில் கூட்டிப்போக தினமும் வருகிறவர். ரெயின்கோட்டில் தண்ணீர் சொட்ட வகுப்பு வாசலில் நின்றார். "பாப்பா இன்னும் வெளிய வரலியே டீச்சர். இஸ்பெசல் கிளாசா?" என்றார்.

இந்த இடத்தில் கஸ்தூரி நினைத்ததை மறைக்க வேண்டியதில்லை. அவள் எப்போதோ போய்விட்டாள் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தார். லேப்டாப்பில் வருகை பதிவாகியிருக்கிறது, பச்சைப் புள்ளி இருக்கிறது, பள்ளிக்கூடம் விட்டபிறகு நடந்ததற்கு யார் பொறுப்பு? பேரைக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். பெற்ற தகப்பனிடம் உன் பெண்ணின் பேர் என்ன என்று கேட்கிற டீச்சரை உலகத்தில் யார் மன்னிப்பார்கள்? வேலை போகும், மானம் போகும். பேட்டரி ஐந்து. கஸ்தூரி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார், அப்புறம் கையை எடுத்தார்.

"சார், உங்க பொண்ணோட பேரு என்ன?"

ஏகாம்பரம் சிரித்தார். "இன்னா டீச்சர், ஆதார்ல எதனா ராங்கா கீதா?" என்றார். அப்புறம்தான் டீச்சரின் முகத்தையும், அழுதுகொண்டிருந்த ஜீவாவையும், ஒற்றை ஷூவையும் பார்த்தார். கஸ்தூரி நடந்ததைச் சொன்னார், ஒன்றுவிடாமல், ஜூலையிலிருந்து. அந்த மனிதர் நம்ப மறுக்கவில்லை. வீட்டிலும் சில நாளாகக் கூப்பிட்டால் அவள் தாமதமாகத்தான் திரும்புகிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பாப்பா, பாப்பா என்று திரையைப் பார்த்துக் கத்தினார். வீட்டுச் செல்லப் பேருக்கு அந்த இடத்தில் மதிப்பில்லை, ஒன்றும் நடக்கவில்லை.

"ஜூன் மாசத்துலேர்ந்து பாடம் சொல்லிக் குடுக்குறீங்க," என்றார் கஸ்தூரியிடம், சத்தமே இல்லாமல். "எம் பொண்ணு பேரு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாது சார்," என்றார் கஸ்தூரி.

"ரோஷினி. ஏ. ரோஷினி."

கஸ்தூரி ஓடிப்போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நின்றுகொண்டு பேர் கூப்பிட்டு அவருக்குப் பழக்கமில்லை. ஒரு வெள்ளைத்தாளை மேஜையில் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி, இருபத்து மூன்று வருஷம் காலை ஒன்பதரைக்கு எந்தக் குரலில் கூப்பிட்டாரோ அதே குரலில், கொஞ்சம் சலிப்பும் கொஞ்சம் அதட்டலுமாக, "ஏ. ரோஷினி" என்றார். மழைச் சத்தம்தான் கேட்டது. மறுபடி கூப்பிட்டார். பேட்டரி இரண்டு. ஏகாம்பரம் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது கஸ்தூரியின் குரலில் அதட்டல் போய்விட்டது, கெஞ்சலாகத்தான் வந்தது.

"உள்ளேன் மிஸ்," என்று மூடிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. திரை அணைந்தது. ரோஷினி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், உதடெல்லாம் நீலம் பாரித்து, ஒரு காலில் மட்டும் ஷூவோடு. கஸ்தூரி தாளில் அவள் பேருக்கு நேரே ஒரு கோடு போட்டார். அது கோணலாக விழுந்தது. ஏகாம்பரம் மகளை ரெயின்கோட்டுக்குள் இழுத்து அணைத்துக்கொண்டு படியிறங்கினார். கேட்டுவரை போனவர் திரும்பி வந்து, "நாளிக்கு மறந்துடாதீங்க டீச்சர்," என்றார். திட்டியிருந்தால்கூடக் கஸ்தூரி அன்றைக்கு அவ்வளவு அழுதிருக்க மாட்டார்.

லேப்டாப்புகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கஸ்தூரி சொன்னதை ரகுநாதன் ஒப்புக்கொள்ளவில்லை. மார்க் ஏறியிருக்கிறது, பெற்றோர்களும் வேண்டும் என்கிறார்கள், நூம்பலிலிருந்தெல்லாம் சேர்க்கைக்கு ஆள் வருகிறது என்றார். கடைசியில் பீரோவைத் திறந்து பதிவேடுகளை மட்டும் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பீரியட் முடிவிலும் பேர் கூப்பிடுகிறார்கள். பிள்ளைகள் முன்னைப் போலவே பத்தாவது நிமிஷம் காணாமல் போகிறார்கள், இப்போதெல்லாம் மணி அடித்தாலும் வருவதில்லை, பேரைக் கூப்பிட்டால் மட்டும் ஒவ்வொருவராக உள்ளேன் மிஸ் என்று வருகிறார்கள். ஆசிரியர்களின் பயம் இப்போது வேறு. பதிவேட்டைத் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறார்கள். சுரேகா தொண்டை கட்டிக்கொண்டால் லீவு போட்டுவிடுகிறார். கஸ்தூரி சமையலறையில் நாற்பத்தோரு பேரையும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே சாம்பாருக்குத் தாளிக்கிறார். கார்ஷெட்டில் வேலை பார்க்கும் அவர் கணவர் கிருபாகரனுக்கே பாதிப் பேர் பாடமாகிவிட்டது.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளில் கஸ்தூரி மூன்றாவது பீரியட் முடிவில் நாற்பத்தோரு பேரைக் கூப்பிட்டார். நாற்பத்திரண்டு பேர் உள்ளேன் என்றார்கள். கடைசிக் குரல் கடைசி பெஞ்சிலிருந்து வந்தது. அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மெரூன் கட்டம் போட்ட சீருடை. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி எந்தப் பள்ளியிலும் அந்த மாதிரிச் சீருடை கிடையாது. பன்னிரண்டு வயது இருக்கலாம். கை ஐஸாக இருந்தது. பேர் என்னம்மா என்று கேட்டதற்கு, "முப்பத்தஞ்சு மிஸ்," என்றாள். எங்கேயிருந்து வந்தாய் என்று கேட்டதற்கு, "கிளாஸ்லதான் மிஸ் இருந்தேன். மணி அடிச்சுது. யாரும் கூப்டல. இங்க கூப்பிடற சத்தம் கேட்டுது, வந்துட்டேன்," என்றாள்.

ரகுநாதன் போலீசில் எழுதிக் கொடுத்தார். அந்த மாதிரி ஒரு பெண் காணாமல் போனதாக எங்கேயும் புகார் இல்லை, விசாரித்த பள்ளிகளில் எல்லாம் வருகை நூறு சதவீதம், ஒரு பச்சைப் புள்ளி குறையவில்லை. ஜேம்ஸ் அவளைப் போட்டோ எடுத்து வாட்ஸாப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பலாம் என்று பார்த்தார், போட்டோவில் காலி பெஞ்சுதான் விழுந்தது. அவளைப் பெற்றவர்கள் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு கேட்டில் நின்றுகொண்டிருப்பார்கள் என்பதை நினைத்துக் கஸ்தூரி பல ராத்திரி தூங்கவில்லை. அந்தப் பெண் இப்போது நாகம்மா வீட்டில் இருக்கிறாள். நாகம்மாவுக்குப் பிள்ளை குட்டி இல்லை, தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக் கூட்டி வருகிறாள். சத்துணவில் ஒரு முட்டை அதிகம் வேகிறது, யாரும் கேட்பதில்லை.

கஸ்தூரி தினமும் நாற்பத்தோரு பேரை முடித்ததும் பேனாவைக் கீழே வைக்காமல், நாற்பத்திரண்டாவதாகப் புதிதாக ஒரு பேரைக் கூப்பிடுகிறார். அகர வரிசையில் போகிறார். அபிராமி, அமுதா, ஆனந்தி, இந்திரா என்று தொடங்கி, ஒரு நாளைக்கு ஒரு பேர். அந்தப் பெண் ஒவ்வொரு பேரையும் முழுசாகக் காது கொடுத்துக் கேட்கிறாள், கொஞ்ச நேரம் யோசிக்கிறாள், இல்லை மிஸ் என்று தலையாட்டுகிறாள். மற்ற பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு அது முடியும்வரை நிற்கிறார்கள், அதுவும் பாடத்தில் சேர்ந்ததுதான் என்று பழகிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் சகர வரிசை முடிந்திருக்கிறது. திங்கட்கிழமை தகரம்.